கடல் கடந்து வந்த பணத்தில் வீடு வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

பட்டுக்கோட்டை வட்டாரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதியே வாழ்ந்தவன் நான். சிங்கப்பூர், மலேசியா, துபாய், சவூதி என்று ஆள் போகாத தெரு எங்கள் பக்கத்தில் இல்லை. கிரயம் முடிக்க வருகிறவரிடம் "பணம் ஏதுப்பா?" என்று கேட்டால், பலரும் அண்ணன் பெயரையோ மாமா பெயரையோ சொல்வார்கள். அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். ஓவர்டைம் பார்த்து, ஓர் அறையில் பத்துப் பேர் படுத்து, சாப்பாட்டைச் சுருக்கிச் சேர்த்த பணம். அதில் ஒரு ரூபாய்கூட வழக்குக்கும் அபராதத்துக்கும் போகக் கூடாது. முதல்முறையாக வீடு வாங்குகிற தம்பிகளும் தங்கைகளும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

1. பணம் புறப்படும் முன்பே அது என்ன பணம் என்று பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பக் கேட்காமல் கொடுத்தால் அன்பளிப்பு. திருப்பித் தர வேண்டுமென்றால் கடன். வாங்கும் வீட்டில் தனக்கும் பாத்தியதை வேண்டும் என்று போட்டால் பங்கு. மூன்றில் எதுவானாலும் குற்றமில்லை. எது என்று சொல்லாமல் வாங்குவதில்தான் கேடு தொடங்குகிறது.

நான் எழுதிய பத்திரம் ஒன்றால் வந்த பிரச்சினையைச் சொல்கிறேன். மூத்தவர் துபாயில் வெல்டர். இளையவர் ஊரில் இருந்தார். மூத்தவர் அனுப்பிய பணத்தைச் சேர்த்து இளையவர் தன் பெயரில் ஐந்து சென்ட் மனையும் ஓட்டு வீடும் வாங்கினார். "வாங்கிப் போடுடா, வந்து பாத்துக்கலாம்" என்று அண்ணன் போனில் சொன்னதுதான் அவர்களுக்குள் நடந்த மொத்தப் பேச்சு. வருடங்கள் கழித்து அண்ணன் குடும்பத்தோடு ஊர் திரும்பி, வீட்டைக் கேட்டார். தம்பி மனைவி பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்து நீட்டினார். இருவரும் என்னிடம்தான் வந்தார்கள். கிரயம் பெறுபவர் என்ற இடத்தில் தம்பி பெயர் மட்டுமே இருந்தது. அண்ணன் அதைத் தன் வீடு என்று நம்பித்தான் பணம் அனுப்பியிருக்கிறார். தம்பி அதை அண்ணன் தனக்குச் செய்த நன்மை என்று நம்பித்தான் குடியிருந்திருக்கிறார். இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. கடைசியில் பாதி மனையைத் தம்பி எழுதிக் கொடுத்தார். ஆனால் அதற்குப் பிறகு அந்த இரண்டு குடும்பமும் ஒரு பந்தியில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

அந்தத் தம்பி மறுத்திருந்தால் அண்ணனுக்குச் சட்டமும் கைகொடுத்திருக்காது. 1988-ஆம் ஆண்டின் பினாமி தடைச் சட்டம் 2016-இல் கடுமையாக்கப்பட்டது. ஒருவர் தன் நன்மைக்காகப் பணம் போட்டு இன்னொருவர் பெயரில் சொத்து வாங்கி வைத்தால், அந்தச் சொத்தை அரசே பறிமுதல் செய்யலாம். 'பெயர்தான் அவருடையது, சொத்து என்னுடையது' என்று பணம் போட்டவர் வழக்குப் போடவும் வழியில்லை. கணக்கில் வந்த பணத்தில் மனைவி, பிள்ளைகள் பெயரில் வாங்குவதற்கு விலக்கு உண்டு. உடன்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் விலக்கு உண்டு, ஆனால் பணம் போட்டவர் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருக்க வேண்டும். ஆகவே அண்ணனுக்குப் பங்கு வேண்டுமென்றால் அண்ணன் பெயரைப் பத்திரத்தில் போடுங்கள். அன்பளிப்பு என்றால், 'இது உனக்குக் கொடுத்தது, இதில் எனக்கு எதுவும் வேண்டாம்' என்று அவர் தன் வாயால் சொல்லி, எழுதியும் தரட்டும். கடன் என்றால் வெளிநாட்டில் இருப்பவரிடம் வாங்க அந்நியச் செலாவணி விதிகள் தனியாக இருக்கின்றன. ஆடிட்டரைக் கேட்டு வங்கி வழியாகவே வாங்கி, வங்கி வழியாகவே திருப்புங்கள்.

2. கொடுப்பவரின் மனைவிக்கு, அல்லது கணவருக்கு, தெரிந்து வரட்டும்.

அண்ணிக்குத் தெரியாமல் அண்ணன் அனுப்பும் பணத்தில் வீடு வாங்காதீர்கள். சட்டம் இதைக் கேட்காது, நான் கேட்கிறேன். பின்னால் நான் சொல்லும் அன்பளிப்புக் கடிதத்தில் அவருடைய கையெழுத்தையும் சாட்சியாக வாங்குங்கள்.

3. கொடுப்பவர் உங்களுக்கு என்ன முறை என்பதைச் சரியாகப் பாருங்கள். ஊர் சொல்லும் முறை வேறு, வருமான வரிச் சட்டம் சொல்லும் முறை வேறு.

ஒரு வருடத்தில் பிறரிடமிருந்து அன்பளிப்பாக வந்த பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அதை வாங்கியவருடைய வருமானம் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்று நினைக்க வேண்டாம், முழுத் தொகைக்கும் வரி. கொடுத்தவர் சட்டத்தின் பட்டியலில் உள்ள உறவினராக இருந்தால், எத்தனை லட்சமானாலும் வாங்கியவருக்கு வரி இல்லை. அவர் வெளிநாட்டில் இருந்தாலும் இதே விதிதான்.

அந்தப் பட்டியலை நம் முறைப்படி சொல்கிறேன். கணவன், மனைவி. உங்கள் உடன்பிறந்தவர்கள், உங்கள் கணவர் அல்லது மனைவியின் உடன்பிறந்தவர்கள். அப்பாவின் உடன்பிறப்பு, அம்மாவின் உடன்பிறப்பு. நேர்வழியில் மேலே அப்பா அம்மா, தாத்தா பாட்டி. கீழே மகன் மகள், பேரன் பேத்தி. வாழ்க்கைத் துணையின் பக்கத்திலும் அதேபோல். இத்தனை பேரையும் மணந்தவர்கள். அப்படிப் பார்த்தால் தாய்மாமன், அத்தை, சித்தப்பா, பெரியம்மா, மச்சான், கொழுந்தன், நாத்தனார், சகலை, ஓர்ப்படி, மாமனார், மகளின் கணவரான மருமகன் எல்லாரும் உள்ளே வந்துவிடுகிறார்கள்.

வெளியே நிற்பது யார்? சித்தப்பா மகன், பெரியம்மா மகள், அத்தை மகன், மாமா மகள். ஒரே வீட்டில் வளர்ந்த சித்தப்பா மகன் நமக்கு அண்ணன்தான். வரிக்கணக்கில் அவர் வேற்றாள். அவர் குவைத்திலிருந்து அன்போடு அனுப்பும் 10 லட்சம் முழுவதும் உங்கள் வருமானத்தில் ஏறும். சம்பந்தியும் பட்டியலில் இல்லை, நண்பரும் இல்லை.

இன்னொன்றில் படித்தவர்களும் தவறிவிடுகிறார்கள். துபாயில் இருக்கும் தாய்மாமன் உங்களுக்கு 20 லட்சம் அனுப்பினால் உங்களுக்கு வரி இல்லை. நீங்கள் வெளிநாடு போய்ச் சம்பாதித்து, உங்களை வளர்த்த அதே மாமாவுக்கு ஒரு வீடு வாங்கித் தர 20 லட்சம் அனுப்பினால், அவர் வரி கட்ட வேண்டும். உறவை வாங்குகிறவர் இடத்தில் நின்றுதான் சட்டம் அளக்கிறது. பெற்றோரின் உடன்பிறப்பு பட்டியலில் இருக்கிறது. உடன்பிறந்தவரின் பிள்ளை இல்லை. வளர்த்த மாமனுக்கு மருமகன் செய்வதை வரிக்குரிய வருமானம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் சட்டம் அதுதான்.

கல்யாணத்தின்போது மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு, யார் தந்தாலும், வரி இல்லை. கிரகப்பிரவேச மொய்க்கு அந்தச் சலுகை கிடையாது.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இந்த அன்பளிப்பு விதி 56(2)(x) பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதாக விதிக்கப்பட்டது. அதில் பிரிவு எண்கள் மாறின, இந்த விதியின் சாரம் மாறவில்லை.

4. வங்கி வழியாக மட்டுமே வாங்குங்கள்.

வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல்காரர் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருவார், வங்கியைவிட ரேட்டும் கூடுதலாகக் கிடைக்கும். அந்தப் பணத்துக்கு ஊர்பேர் கிடையாது. 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, மீறிய தொகையைப்போல மூன்று மடங்குவரை அபராதம் விதிக்கலாம். அது ஒருபுறம் இருக்கட்டும். நாளைக்கு வரி அதிகாரி "இந்த 15 லட்சம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், 'அண்ணன் கொடுத்தார்' என்ற சொல்லைத் தவிர உங்கள் கையில் என்ன இருக்கும்? அண்ணன் உண்மையாகவே கொடுத்திருப்பார். அதை நிரூபிக்க ஒரு காகிதம் இருக்காது.

வெஸ்டர்ன் யூனியன் போன்ற வழி வீட்டுச் செலவுக்குத்தான். ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஒருவருக்கு வருடத்தில் 30 தடவை என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. வீட்டுப் பணத்துக்கு அது ஏற்ற பாதை இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்கு வரட்டும். அனுப்பும்போது என்ன காரணம் என்று கேட்கும் இடத்தில் சொந்த அன்பளிப்பு என்று குறிக்கச் சொல்லுங்கள். அதற்கான குறியீடு பி1302. குடும்பப் பராமரிப்புக்கு வேறு குறியீடு. வீட்டுக்காக வந்த 20 லட்சம் பராமரிப்பு என்று பதிவாகியிருந்தால், பிறகு வீண் விளக்கம் சொல்ல வேண்டிவரும். பணம் ஏறியதும் உங்கள் வங்கியில் எஃப்.ஐ.ஆர்.சி. கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து இன்னார் அனுப்பி இன்ன தேதியில் வந்தது என்பதற்கான சான்று அது.

நேரில் வரும்போது கட்டாகக் கையில் கொடுக்கிற பழக்கமும் வேண்டாம். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய அளவுக்கே அபராதமும் வரும்.

அனுப்புகிறவர் தன் நாட்டு விதியையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் அன்பளிப்பு வரி இல்லை. அமெரிக்காவில் இருப்பவர் ஒருவருக்கு ஒரே வருடத்தில் 19,000 டாலருக்கு மேல் கொடுத்தால், 2025 கணக்குப்படி, 709 என்ற படிவம் தாக்கல் செய்ய வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு வரி வராது, படிவம் மட்டும்தான்.

5. ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள்.

பணத்தை அன்பளிப்பாகத் தர பதிவு செய்த பத்திரம் கட்டாயம் இல்லை. ஆனால் கடிதம் இல்லாமல் இருக்கக் கூடாது. நான் எழுதிக் கொடுக்கும் வாசகம் இப்படி இருக்கும்:

"சிங்கப்பூரில் வசிக்கும், இன்ன பாஸ்போர்ட் எண் கொண்ட நான், என் உடன்பிறந்த தங்கை இன்னாருக்கு, அவர் மீதுள்ள அன்பாலும் பாசத்தாலும், வீடு வாங்கிக்கொள்வதற்காக ரூபாய் 12,00,000-ஐ இன்ன தேதியில் என் இன்ன வங்கிக் கணக்கிலிருந்து அவருடைய இன்ன வங்கிக் கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன். இது அன்பளிப்பு; கடன் அன்று. இதை நானோ என் வாரிசுகளோ திரும்பக் கேட்க மாட்டோம். இந்தப் பணத்தைக் கொண்டு வாங்கும் சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எந்தப் பாத்தியதையும் கிடையாது. இது என் சொந்தச் சம்பாத்தியம்."

கீழே கொடுத்தவர் கையெழுத்து, பெற்றுக்கொண்டதாக உங்கள் கையெழுத்து, இரண்டு சாட்சிகள். 'என் வாரிசுகளோ' என்ற சொல் கண்டிப்பாக இருக்க வேண்டும். கொடுத்தவர் கேட்க மாட்டார். அவர் காலத்துக்குப் பிறகு அவர் பிள்ளைகள் கேட்கலாம். அவர்கள் உங்களைப் பார்த்தே வளர்ந்திருக்க மாட்டார்கள். பணம் மூன்று தவணையாக வந்தால் மூன்று தேதியையும் எழுதுங்கள். வங்கியில் வீட்டுக் கடன் கேட்கும்போது, உங்கள் கைக்காசு எங்கிருந்து வந்தது என்பதற்கு இதே கடிதத்தைத்தான் கேட்பார்கள். உள்ளுக்குள் கடனாக வைத்துக்கொண்டு, வங்கியிடம் அன்பளிப்பு என்று காட்டாதீர்கள்.

கிரயப் பத்திரத்திலேயே "என் அண்ணன் கொடுத்த பணத்தில் வாங்கியது" என்று எழுதச் சொல்லிச் சிலர் வருவார்கள். நன்றியால் கேட்கிறார்கள். நான் ஒத்துக்கொண்டதில்லை. அந்த ஒரு வரி பின்னாளில் அண்ணன் வாரிசுகளின் வழக்குக்குப் பிடிமானமாகிவிடும். உங்கள் கைக்கு வந்த அன்பளிப்பு உங்கள் சொந்தப் பணம். பத்திரத்தில் அப்படியே இருக்கட்டும்.

6. கணவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தில் மனைவி பெயரில் வாங்கினால் அன்பளிப்புக்கு வரி இல்லை. ஆனால் அந்த வீட்டை வாடகைக்கு விட்டால், வாடகை கணவரின் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். மாமனார், மாமியார் மருமகளுக்குத் தந்தாலும் அதே விதி. நீங்களே குடியிருந்தால் இந்தக் கவலை இல்லை.

7. வரும் பணத்தை வைத்து வீட்டைப் பெரிதாக்காதீர்கள்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 40 லட்சத்துக்கு ஒரு தனி வீடு. தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 3,60,000 ரூபாய். விலையைவிட அரசின் வழிகாட்டி மதிப்பு கூடுதலாக இருந்தால், அந்த மதிப்புக்குக் கட்ட வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம்வரை கடன் என்றால் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரலாம். அதாவது 32 லட்சம். மீதி 8 லட்சமும் பதிவுச் செலவும் சேர்ந்து 11,60,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். அக்கா 10 லட்சம் தருகிறார், போதும் என்று அட்வான்ஸ் கொடுத்தவர் கடைசி வாரத்தில் மறுபடி அக்காவுக்குத்தான் போன் போடுவார். அந்தப் போன் போகக் கூடாது. அக்கா அங்கே யாரிடமோ கடன் வாங்கி அனுப்புவார், உங்களிடம் சொல்லவும் மாட்டார்.

மாதத் தவணை உங்கள் சம்பளத்தில் அடங்க வேண்டும். வளைகுடா வேலை எந்த மாதமும் நின்றுபோகலாம். 10 லட்சம் மதிப்புவரை உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சின்ன மனை வாங்குகிறவர்கள் இதை விடாதீர்கள்.

8. பணம் உங்கள் கணக்கில் ஏறிய பிறகே கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். பெரிய தொகை என்றால் அங்குள்ள வங்கியும் இங்குள்ள வங்கியும் விளக்கம் கேட்டு நிறுத்தி வைக்கும். 'இன்னும் கொஞ்சம் ரேட் ஏறட்டும்' என்று அனுப்புகிறவரும் காத்திருப்பார். ஒப்பந்தக் கெடு முடிந்தால் முன்பணம் போய்விடும்.

9. வெள்ளையாக வந்த பணத்தைக் கறுப்பாக்காதீர்கள்.

"பத்திரத்துல 18 போட்டுக்குவோம், மீதி 17 கையில கொடுத்துருங்க" என்று விற்பவர் சொல்வார். உங்கள் அண்ணன் வியர்வை சிந்தி, வங்கி வழியாக, கடிதத்தோடு அனுப்பிய பணம் அது. அதை வங்கியிலிருந்து ரொக்கமாக எடுத்துக் கொடுத்த மறுகணம், அந்த 17 லட்சத்துக்கு உங்களிடம் எந்த ரசீதும் இல்லை. வில்லங்கம் வந்து கிரயம் ரத்தானால் 18 லட்சத்தைத்தான் கேட்க முடியும். பின்னால் நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 18 என்றே கணக்காகி, லாபம் கூடுதலாகத் தெரிந்து வரி ஏறும். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதும் சட்டப்படி தவறு. விற்பவருக்கு அதே தொகை அபராதம். இதை அவரிடம் பணிவாகச் சொல்லுங்கள். அப்படியும் ஒத்துவரவில்லையென்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், நீங்கள் 1 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டுத்தான் மீதியை விற்பவருக்குத் தர வேண்டும். விற்பவரே வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடிக்க வேண்டிய வரி வேறு, மிகவும் கூடுதல். ஆடிட்டர் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

10. கொடுத்தவர் நேரில் வந்து பார்க்க முடியாது. அவருக்கும் சேர்த்து நீங்கள் பாருங்கள்.

தாய்ப்பத்திரத்திலிருந்து தொடங்கி, 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், வீட்டு வரி ரசீது எல்லாம் வழக்கறிஞர் பார்த்துக் கருத்து எழுதித் தரட்டும். மனை என்றால் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு புதிதாகப் பிரித்து விற்ற அங்கீகாரமில்லாத மனைக்கு வரன்முறையும் கிடைக்காது, பதிவும் நடக்காது.

வெளிநாட்டில் வசிக்கும் அண்ணன் பெயரையும் கூட்டாகப் போடுகிறீர்களா? அப்படியானால் பட்டாவை இன்னொரு முறை பாருங்கள். வெளிநாடுவாழ் இந்தியர் குடியிருப்பு வீடு வாங்கலாம், விவசாய நிலமோ பண்ணை வீடோ வாங்கக் கூடாது. எங்கள் டெல்டாவில் மனை என்று கல் நட்டு விற்கும் இடம் பட்டாவில் இன்னமும் நஞ்சை என்றே இருக்கும். அவர் வர முடியாமல் பவர் கொடுத்தால், இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும்.

11. ஊரில் இருக்கும் மற்ற உடன்பிறப்புகளிடம் மறைக்காதீர்கள்.

அமெரிக்க அக்கா உங்களுக்கு மட்டும் கொடுத்தார், தங்கைக்குக் கொடுக்கவில்லை. அது அக்காவின் விருப்பம், யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் தங்கைக்கு அது பக்கத்து வீட்டார் வழியாகத் தெரியக் கூடாது. அம்மாவின் கடைசிக் காலத்தை யார் பார்ப்பது, பூர்வீக வீட்டில் யாருக்கு என்ன என்ற பேச்செல்லாம் பிறகு இந்தப் பணத்தில் வந்துதான் முட்டும். அம்மாவும் அப்பாவும் இருக்கும்போதே, எல்லாரும் இருக்கும் இடத்தில், கொடுத்தவரே போனில் சொல்லட்டும். பெற்றோர் உங்களோடு அந்த வீட்டில் இருக்கப் போகிறார்கள் என்ற எண்ணத்தில் அக்கா கொடுக்கிறார் என்றால், அதையும் அன்றைக்கே வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியும் அதைக் கேட்டுச் சம்மதம் சொல்லட்டும்.

12. பதிவு முடிந்ததும் ஓய்ந்துவிடாதீர்கள். பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்று பாருங்கள்; கூட்டுப்பட்டாவாக இருந்தால் உட்பிரிவுக்கு மனு கொடுத்துத் தனிப்பட்டா வாங்குங்கள். வீட்டு வரி, மின் இணைப்பு இரண்டையும் மாற்றுங்கள். அந்த வருட வரிக்கணக்கில் வந்த அன்பளிப்பை வரியில்லாத வரவு என்று காட்டிவிடுங்கள். அன்பளிப்புக் கடிதம், எஃப்.ஐ.ஆர்.சி., பணம் வந்ததும் போனதும் தெரியும் வங்கிக் கணக்குப் பக்கங்கள் மூன்றையும் கிரயப் பத்திரத்தோடு ஒரே உறையில் வையுங்கள். அந்த உறையில் உள்ளதையெல்லாம் நகலெடுத்து, பட்டா நகலும் சேர்த்து, பணம் கொடுத்தவருக்கு அந்த வாரமே அனுப்பிவையுங்கள்.